பின்பாட்டிலிருந்து முன்பாட்டுக்கு: கிம் டீலின் பிரீடர்ஸ் குழுவும் ‘பாட்’ ஆல்பமும்

1990ஆம் ஆண்டு ஜனவரியில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலுள்ள பல்லேடியம் என்ற ஸ்டுடியோவில் நான்கு பேர் கொண்ட ஒரு குழு தங்கி, இரண்டு வாரத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஒலிப்பதிவை ஏறத்தாழ ஒரே வாரத்தில் முடித்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் அந்தப் பதிவு ‘பாட்’ என்ற பெயரில், பிரீடர்ஸ் என்ற புதிய குழுவின் முதல் ஆல்பமாக வெளிவந்தது. குழுவை நடத்திய கிம் டீலை அதுவரை ரசிகர்கள் அறிந்திருந்தது பாஸ்டன் நகரத்து பிக்ஸீஸ் குழுவின் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) கலைஞராகவும், அதன் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸுக்குப் பின்பாட்டுப் பாடுபவராகவும்தான். ஒரு குழுவில் இருந்துகொண்டே இன்னொன்றைத் தொடங்குபவர்களைப் பற்றி எழுதும்போது, மீந்துபோன பாடல்களுக்குப் போக்கிடம் தேடிக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இசை எழுத்தில் பழகிப்போன வழக்கம். ‘பாட்’ ஆல்பத்தைக் கூர்ந்து கேட்டால் அந்த விளக்கம் நிற்காது. பணமும் நாட்களும் சட்டப்படி கிடைத்த இடமும் குறைவாக இருந்த ஒரு சூழலில், ஒரு பாடலில் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதை வேறொருவர் பாட்டுக்குப் பின்னால் நின்றே கற்றுக்கொண்ட ஒருவரின் கைவேலையாகவே அது ஒலிக்கிறது.

பாடலாசிரியர் என்றால் நமக்கு வரிகள் எழுதுபவர் என்றே பொருள். ராக் இசையில் மெட்டு, வரி, பெரும்பாலும் பாட்டின் கட்டமைப்பு என மூன்றையும் சேர்த்தே ஒருவர் எழுதுகிறார். அந்த விரிந்த பொருளிலேயே இக்கட்டுரையில் அச்சொல் வருகிறது.

டீல் 1961இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பிறந்தவர். கெல்லி அவருடைய இரட்டைச் சகோதரி. பதின்ம வயதில் இருவரும் வீட்டு அறையிலேயே ஒரு பதிவுக் கருவியை அமைத்துக்கொண்டு பாடல்களைப் பதிவு செய்தார்கள். உள்ளூர் மதுக்கூடங்களில் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பழைய அமெரிக்கப் பாடல்களை இரட்டைக் குரலில் பாடினார்கள். பிரீடர்ஸ் என்ற பெயரும் அந்தக் காலத்தில் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டதுதான். ஆண், பெண் உறவுக்குள் வாழ்பவர்களைத் தன்பால் ஈர்ப்பாளர்கள் கேலியாகக் குறிப்பிடும் கொச்சைச் சொல் அது. பத்தாண்டு கழித்து வந்த ‘புதிய’ குழுவின் பெயர், வயதால் பிக்ஸீஸைவிட மூத்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

திருமணத்துக்குப் பிறகு பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்த டீல், 1986இல் அந்நகர வார இதழ் ஒன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து பிக்ஸீஸில் சேர்ந்தார். ஹஸ்கர் டூ என்ற இரைச்சலான பங்க் குழுவையும், பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மென்மையான நாட்டார் இசை மூவரையும் ஒருசேர விரும்பும் பேஸ் கலைஞர் தேவை என்று அந்த விளம்பரம் கேட்டிருந்தது. அதற்குப் பதிலளித்தவர் அவர் ஒருவரே. பேஸ் கிட்டார் வாசித்த அனுபவம் அவருக்கு இல்லை. சகோதரியின் கருவியைக் கடன் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டார். இந்தச் சிறிய தகவலுக்கு அது பெறும் கவனத்தைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன். கிட்டாரில் பாடல் எழுதிப் பழகிய ஒருவர் பேஸுக்கு மாறும்போது, விரல் வித்தை காட்ட வழியில்லாததால், எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்தினால் பாட்டு நிற்கும் என்பதில்தான் அவர் கவனம் குவிகிறது. பிக்ஸீஸ் பாடல்களில் டீலின் பேஸ் நகராமல் ஒரே இடத்தில் நின்று தட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் ஃபிரான்சிஸ் கூச்சலிட முடிந்ததற்கு அந்தச் சிக்கனமே காரணம்.

ஆனால் அந்தக் குழுவில் பாடல் எழுதும் உரிமை ஃபிரான்சிஸிடமே இருந்தது. 1988இல் வந்த ‘சர்ஃபர் ரோஸா’ ஆல்பத்தில் டீல் முன்னின்று பாடிய ‘ஜைகான்டிக்’ அவரும் ஃபிரான்சிஸும் சேர்ந்து எழுதியது. குழுவின் முதல் தனிப்பாடல் வெளியீடாக வந்ததும் அதுதான். அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘டூலிட்டில்’ ஆல்பத்தில் அவருடைய பங்கு ‘சில்வர்’ என்ற ஒரே பாடலாகச் சுருங்கியது, அதுவும் இணைந்து எழுதியது. அதற்குப் பின் வந்த இரண்டு ஆல்பங்களில் அவர் எழுதிய பாடலே இல்லை. இதை மனத்தாங்கல் கதையாக மட்டும் பார்க்கக் கூடாது. ராக் குழுக்களில் மேடையில் நிற்கும் உறுப்பினர்களுக்குப் பொதுவாகக் கச்சேரி வருமானத்தில் பங்கு உண்டு. பாட்டை எழுதியதற்கான உரிமைத்தொகையோ எழுதியவர் பெயருக்குத் தனியே போகிறது. வானொலியில் பாட்டு ஒலிக்கும்போதும், வேறொருவர் அதை மீண்டும் பாடும்போதும் அந்தக் கணக்கே வளர்கிறது. ஆகவே ஒரு ஆல்பத்தில் யாருடைய பாடல்கள் இடம்பெறுகின்றன என்ற கேள்வியில் கலைப் பெருமையோடு பிழைப்பும் கலந்திருக்கிறது. ‘டூலிட்டில்’ வெளியானதைத் தொடர்ந்த நீண்ட சுற்றுப்பயணத்தின் முடிவில் குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சலித்துப்போய், சிறிது காலம் பிரிந்திருப்பது என முடிவெடுத்தார்கள்.

இதே நிலைமையில், வேறொரு குழுவில், டான்யா டொனெலி இருந்தார். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் தோன்றிய த்ரோயிங் மியூஸஸ் குழுவின் பாடல்களில் மிகப்பெரும்பாலானவற்றை எழுதியவர் அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரி கிறிஸ்டின் ஹெர்ஷ். டொனெலிக்கு ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒன்றிரண்டு இடங்கள் கிடைத்தன. 1988இல் இரு குழுக்களும் ஐரோப்பாவில் சேர்ந்து சுற்றியபோது டீலும் டொனெலியும் நெருங்கிய தோழிகளானார்கள். பாஸ்டனுக்குத் திரும்பியபின், இரவு விடுதிகளில் ஆடித் திரிந்த உற்சாகத்தில், நடன இசை ஆல்பம் ஒன்று செய்யலாம் என்றுதான் முதலில் திட்டமிட்டார்கள். அது நடக்கவில்லை. நடக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.

இங்கே ஒப்பந்தம் குறுக்கிட்டது. இரு குழுக்களின் ஆல்பங்களையும் பிரிட்டனில் 4ஏடி என்ற சிறிய லண்டன் நிறுவனம் வெளியிட்டாலும், அமெரிக்காவில் பிக்ஸீஸ் எலெக்ட்ரா நிறுவனத்துடனும் த்ரோயிங் மியூஸஸ் சையர் நிறுவனத்துடனும் கையெழுத்திட்டிருந்தன. வெவ்வேறு நிறுவனங்களுக்குக் கட்டுப்பட்ட இரு பாடலாசிரியர்கள் ஒரே ஆல்பத்தில் சமமாக எழுதினால் அது யாருக்குச் சொந்தம் என்ற சிக்கல் எழும். எனவே முறை வைத்துக்கொண்டார்கள்: முதல் ஆல்பத்தில் டீலின் பாடல்கள், அடுத்ததில் டொனெலியின் பாடல்கள். ‘பாட்’ ஆல்பத்துக்கு ஒரே மனத்திலிருந்து வந்த இறுக்கம் இருப்பதாக விமர்சகர்கள் பாராட்டுவதுண்டு. அந்த இறுக்கத்தில் ஒரு பகுதியாவது வழக்கறிஞர்களுக்குச் சேர வேண்டியது.

வயலின் கலைஞர் கேரி பிராட்லி உள்ளிட்ட நண்பர்களுடன் சேர்ந்து பதிவு செய்த ஒரு முன்மாதிரி ஒலிநாடாவை 4ஏடி நிறுவனத்தின் நிறுவனர் ஐவோ வாட்ஸ்-ரஸலுக்கு அனுப்பினார்கள். அதைக் கேட்டு அவர் 11,000 டாலர் ஒதுக்கினார். ‘டூலிட்டில்’ ஆல்பத்துக்கு ஆன செலவு சுமார் 40,000 டாலர் என்பதோடு இதை ஒப்பிட்டால், புதிய குழுமேல் நிறுவனம் வைத்த நம்பிக்கையின் அளவும் எல்லையும் ஒருங்கே தெரியும். 4ஏடிக்கு அது வழக்கமான அளவுதான். சிறு தொகையில் செய்யும் ஆல்பம் சில ஆயிரம் பிரதிகள் விற்றாலே கையைக் கடிக்காது என்பதால், விற்பனையை எண்ணிப் பாடலைத் திருத்தச் சொல்லும் வேலை அங்கே குறைவு.

ஆட்களைச் சேர்த்த விதமும் இதே போக்கில்தான் நடந்தது. டிரம்ஸ் வாசிக்கக் கெல்லியை அழைத்து வரவே டீல் விரும்பினார். வேலையிலிருந்து அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பேஸ் கிட்டாருக்கு இங்கிலாந்துக்காரரான ஜோசஃபின் விக்ஸ் வந்தார். அவர் அங்கமாக இருந்த பெர்ஃபெக்ட் டிசாஸ்டர் குழு ஒருமுறை லண்டனில் பிக்ஸீஸுக்கு முன் வாசித்திருந்தது. டிரம்ஸுக்கு, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து ஸ்லின்ட் குழுவின் பிரிட் வால்ஃபோர்ட் வந்தார். குழுவின் ஒரே ஆணான அவருடைய பெயர் ஆல்பத்தில் ஷானன் டவ்டன் என்ற புனைபெயரில் அச்சிடப்பட்டிருக்கிறது. பெட்ஃபோர்ட்ஷயரில் விக்ஸின் வீட்டில் சுமார் ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு அனைவரும் எடின்பரோ சென்றார்கள். பேஸ் கிட்டாரால் பெயர் பெற்ற ஒருவர் தன் சொந்தக் குழுவில் அந்தக் கருவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டார் என்பது வெளிப்பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம். கேட்டுப் பார்த்தால், பல பாடல்களின் முதுகெலும்பு இன்னமும் பேஸ்தான். கிட்டார்கள் இடையிடையே வந்து ஒரு கோட்டை இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

ஒலிப்பதிவுக்கு டீல் தேர்ந்தெடுத்தது ஸ்டீவ் ஆல்பினியை. சிகாகோவில் இயங்கிய ஆல்பினி, பிக் பிளாக் என்ற குழுவின் கிட்டார் கலைஞராக இருந்தவர்; ‘சர்ஃபர் ரோஸா’வையும் அவரே பதிவு செய்திருந்தார். தயாரிப்பாளர் என்ற பட்டத்தை அவர் ஏற்றதில்லை. ஒரு தச்சரோ குழாய் பழுதுபார்ப்பவரோ கூலி வாங்குவதுபோல ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போவதே நியாயம் என்றும், விற்பனையில் சதவீதம் கேட்பது கலைஞர்களின் சோற்றில் கைவைப்பது என்றும் கருதியவர் அவர். 1993இல் ‘தி பாஃப்லர்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரையில், பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஒரு குழு, முன்பணம் முழுவதும் செலவுகளில் கரைந்து எப்படிக் கடனாளியாகவே முடிகிறது என்பதை வரவு செலவுக் கணக்காகவே போட்டுக் காட்டினார். அந்த நிலைப்பாட்டின் ஒலி வடிவம் அவருடைய பதிவுமுறை. குழுவினர் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க வேண்டும். கருவிக்கு அருகில் வைக்கும் மைக்குகளோடு, அறையின் ஒலியைப் பிடிக்கத் தொலைவிலும் மைக்குகள் இருக்க வேண்டும். பின்னால் செயற்கையாக எதிரொலி சேர்ப்பதோ, குரலின்மேல் குரலாக அடுக்குவதோ கூடாது. முதல் ஓரிரு முயற்சிகளிலேயே உயிர் இருக்கும், அதற்குமேல் வாசிக்க வாசிக்கக் களைப்புத்தான் பதிவாகும் என்பது அவருடைய உறுதியான கருத்து.

ஸ்டுடியோவின் மேல்தளத்தில் படுக்கையறைகள் இருந்தன. எழுந்ததும் இரவு உடையோடு இறங்கி வந்து வாசித்தார்கள். அதே உடையில் பக்கத்து மதுக்கூடத்துக்கும் போய்வந்தார்கள். மிச்சமான இரண்டாவது வாரத்தில் ஒரு விளம்பரக் காணொளி எடுத்தார்கள். பிபிசி வானொலியின் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகவும் பதிவு செய்தார்கள்.

இந்த வேலைமுறை அந்தப் பாடல்களுக்கு என்ன செய்தது என்பதுதான் ஆல்பத்தின் மையம். பன்னிரண்டு பாடல்கள் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அடங்கிவிடுகின்றன. பிக்ஸீஸ் பாடல்கள் மெதுவான பத்தியும் வெடிக்கும் பல்லவியுமாக ஒரு வாய்ப்பாட்டை நிறுவியிருந்தன. வெடிப்பு வரப்போகிறது என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். அந்த எதிர்பார்ப்பே இன்பம். ‘பாட்’ ஆல்பத்தில் அந்த எதிர்பார்ப்பு அடிக்கடி ஏமாற்றப்படுகிறது. டிரம்ஸ் ஓர் அடி அடித்துவிட்டு நிற்கிறது, அந்த அடி அறைச் சுவரில் பட்டுத் தேய்வது கேட்கிறது, அடுத்த அடி நாம் நினைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி விழுகிறது. வால்ஃபோர்டின் ஸ்லின்ட் குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு, அமைதியை ஒரு வாத்தியம்போலக் கையாளும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும். பிரீடர்ஸில் அது டீலின் குரலோடு சேரும்போது வேறு ஒன்றாகிறது. அவர் குரல் உயர்த்துவதே அபூர்வம். சிரித்துக்கொண்டே எதையோ மறைப்பவர் பேசுவதுபோல மெல்லப் பாடுகிறார். ஆல்பினி அதை முன்னுக்கு இழுக்காமல் கருவிகளின் நடுவிலேயே விட்டுவைத்ததால், கேட்பவர்தான் அருகே குனிந்து செவிகொடுக்க வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்குப் பீட்டில்ஸ் குழு 1968இல் பாடிய ‘ஹாப்பினஸ் இஸ் எ வார்ம் கன்’ பாடலின் மறுபதிவைச் சொல்லலாம். அதைப் பாடும் யோசனையைத் தந்தவர் வாட்ஸ்-ரஸல். மூலப்பாடல் வளமான ஒலிக்கலவையோடு ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்லும் வேடிக்கை நிறைந்தது. பிரீடர்ஸ் அதன் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவே நிசப்தத்தை நீட்டி, திடீரென்று டிரம்ஸை இறக்கும்போது வேடிக்கை மறைந்து அச்சம் தலைகாட்டுகிறது. பிறர் பாட்டைப் பாடும்போதுதான் ஒரு குழுவின் சொந்தக் குணம் பளிச்சென்று தெரியும்.

வரிகளிலும் அதே சிக்கனம். ‘ஹெல்பவுண்ட்’ பாடல் கருக்கலைப்பிலிருந்து பிழைத்துவிட்ட ஒரு கருவைப் பற்றியது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ‘ஃபார்ச்சுனேட்லி கான்’ இறந்துபோன பின்னும் காதலனைவிட்டு மனம் அகலாத ஒருத்தியின் பேச்சு. இவ்வளவு கனமான பொருள்களைச் சிறுமியர் கைதட்டிப் பாடும் பாட்டின் எளிமையோடு டீல் கையாள்கிறார். விளக்கம் தருவதில்லை, ஒப்பாரி வைப்பதும் இல்லை. ஃபிரான்சிஸின் வரிகளிலும் வன்முறையும் உடலும் நிரம்பியிருந்தன என்றாலும், அவர் அவற்றை வெளியிலிருந்து பார்த்து அலறினார்; டீலின் பாடல்களில் நிகழ்வு ஏற்கெனவே உடலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. டொனெலி ‘ஒன்லி இன் த்ரீஸ்’ பாடலையும், விக்ஸ் ‘மெட்டல் மேன்’ பாடலையும் டீலுடன் சேர்ந்து எழுதினார்கள்; ஒப்பந்தத்தின் இடுக்கில் அவ்வளவுக்கு இடம் இருந்தது. டொனெலியின் முக்கியப் பங்களிப்பு கிட்டாரிலும் துணைக்குரலிலும்தான். அதாவது, பின்பாட்டுக்காரியாக அறியப்பட்டவருக்கு இங்கே இன்னொரு பின்பாட்டுக்காரி பின்பாட்டுப் பாடுகிறார். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் நுழைந்து உடனே விலகும் அந்தத் துணைக்குரலின் நேர்த்தி, இருவருமே அந்த வேலையைப் பல ஆண்டு பார்த்ததன் பலன்.

அட்டைப்படத்தை 4ஏடியின் வடிவமைப்பாளர் வான் ஆலிவர் செய்தார். இறந்த விலாங்கு மீன்களை இடுப்பில் கச்சையாகக் கட்டிக்கொண்டு, வளமைச் சடங்கு நடனத்தைப்போல அவரே ஆட, அதை கெவின் வெஸ்டன்பெர்க் கேமராவின் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்துப் புகைப்படமாக எடுத்தார். குழுவின் பெயரில் உள்ள கேலியை இதைவிடக் குறும்பாக யாரும் படமாக்கியிருக்க முடியாது.

ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 22ஆம் இடம் வரை சென்றது. அமெரிக்காவில் கல்லூரி வானொலிகளுக்கு அப்பால் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் தனக்கு மிகப் பிடித்த ஆல்பங்களில் ஒன்றாக அதைத் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டார். 1993 பிப்ரவரியில் மின்னசோட்டாவில் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தைப் பதிவு செய்ய அவர் ஆல்பினியை அழைத்ததற்கு ‘சர்ஃபர் ரோஸா’வோடு ‘பாட்’ ஆல்பத்தின் ஒலியும் காரணம். ‘சர்ஃபர் ரோஸா’வைப் பற்றி ஒரு காலத்தில் அச்சிலேயே இளக்காரமாக எழுதிப் பிற்பாடு அதற்காக வருந்திய ஆல்பினி, ‘பாட்’ ஆல்பத்தைத் தன் சிறந்த பணிகளில் ஒன்றாகவே சொல்லிவந்தார்.

டீல் பிக்ஸீஸுக்குத் திரும்பி மேலும் இரண்டு ஆல்பங்களில் வாசித்தார். 1993 ஜனவரியில் ஃபிரான்சிஸ் ஒரு வானொலிப் பேட்டியில் குழு கலைந்துவிட்டதாக அறிவித்தார். டீலுக்கு அந்தச் செய்தி தொலைநகலில் வந்தது. அதற்குள் பிரீடர்ஸில் கெல்லி சேர்ந்திருந்தார். கிட்டார் வாசிக்கத் தெரியாமல் சேர்ந்து, குழுவில் இருந்தபடியே கற்றுக்கொண்டார். சகோதரி பேஸ் கற்ற அதே வழி. டேட்டன் நகரத்து ஜிம் மெக்ஃபர்சன் டிரம்ஸுக்கு வந்தார். 1993 ஆகஸ்டில் வெளியான ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி, பிக்ஸீஸ் அதுவரை எட்டாத விற்பனையை எட்டியது. அதன் புகழ்பெற்ற ‘கேனன்பால்’ பாடலின் தொடக்கத்தில் விக்ஸின் பேஸ் தவறான சுரத்தில் ஆரம்பித்து, கிட்டார் நுழைந்ததும் சரியான சுரத்துக்கு மாறும். ஒத்திகையில் நேர்ந்த பிழை அது. நன்றாக இருக்கிறதென்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

டொனெலியின் முறை மட்டும் பிரீடர்ஸில் வரவே இல்லை. 1992இல் வந்த ‘சஃபாரி’ என்ற சிறு வெளியீட்டோடு அவர் விலகி, பெல்லி என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். இரண்டாவது பிரீடர்ஸ் ஆல்பத்துக்கென்று முன்மாதிரிப் பதிவு செய்து வைத்திருந்த பாடல்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டு, பெல்லியின் முதல் ஆல்பமான ‘ஸ்டார்’ 1993 ஜனவரியில் 4ஏடியிலேயே வெளிவந்து, பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.